கிராபிக்ஸ் கார்டை அறிவியலுக்குக் கடன் கொடுக்க எந்த டிரைவர் போட வேண்டும்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கியவன் நான். என் கார்டைச் சும்மா தூங்க விடாமல் ஏதாவது அறிவியல் திட்டத்துக்குக் கணக்குப் போட வைக்கலாம் என்று ஆசைப்பட்டு, 'கூடா டூல்கிட்' என்று தேடி, மூன்று ஜிபிக்குக் கிட்டத்தட்ட இருந்த கோப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கி, இன்ஸ்டால் செய்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. மாறவும் மாறாது. அந்த டூல்கிட் நிரல் எழுதுகிறவர்களுக்கானது. எழுதி முடித்த நிரலை ஓட்டப்போகிற நமக்கு டிரைவர், அதாவது கணினி கார்டோடு பேச உதவும் மென்பொருள், போதும். சரியான டிரைவர், முழு டிரைவர், கார்டு தயாரித்த நிறுவனத்தின் டிரைவர். மீதியெல்லாம் அதிலேயே இருக்கிறது.

அந்த 'மீதி' எது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கலை நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள். கிராபிக்ஸ் கார்டு படம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதனிடம் படத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் போடு என்று சொல்ல ஒரு மொழி வேண்டும். இப்போது புழக்கத்தில் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று கூடா, 2007இல் என்விடியா வெளியிட்டது, என்விடியா கார்டுகளில் மட்டும் ஓடும். இன்னொன்று ஓப்பன்சிஎல், ஆப்பிள் தொடங்கி வைத்து, குரோனோஸ் என்ற கூட்டமைப்பு 2008 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்ட பொதுமொழி. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்று நிறுவனங்களின் கார்டுகளுக்கும் புரியும். ஏஎம்டி கார்டை வைத்துக்கொண்டு கூடா கேட்கிற திட்டத்தில் போய்ச் சேர்ந்தால் அது பெயருக்கேற்ற கூடா நட்புதான்.

டிரைவரை முழுதாக நிறுவினால் இந்த மொழிகளுக்கான கோப்புகளும் கூடவே வந்துவிடும். ஆனால் விண்டோஸ் தானாகத் தேடிப் போட்டுக்கொள்ளும் டிரைவரில் படம் காட்டத் தேவையானது இருக்கும், ஓப்பன்சிஎல் பகுதி பல நேரம் இருக்காது. கேம் ஓடும், வீடியோ ஓடும், கணக்கு மட்டும் ஓடாது. புதிதாக வருகிறவர்கள் குழம்பி நிற்கும் முதல் இடம் இதுதான்.

கார்டு எது என்று பாருங்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால் இடது பக்கம் கீழே ஜிபியு 0, ஜிபியு 1 என்று இருக்கும், கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் முழுப்பெயர் தெரியும். லேப்டாப்பாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வரும், பிராசசரோடு ஒட்டிய இன்டெல் அல்லது ஏஎம்டி ஒன்று, தனிக் கார்டு ஒன்று. நமக்கு வேண்டியது தனிக் கார்டு. ஒட்டியதிலும் கணக்கு ஓடும்தான், ஆனால் பிராசசரின் சூட்டையும் நினைவகத்தையும் பங்கு போட்டுக்கொண்டு ஓடுவதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

பெயரைக் குறித்துக்கொண்ட பிறகு வயதைப் பாருங்கள், ஏனென்றால் பழைய கார்டுக்குப் புது டிரைவர் கிடைக்காது. என்விடியாவில் கெப்லர் தலைமுறைக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு, 470 என்ற வரிசையோடு முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580தான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். ஏஎம்டியில் போலாரிஸுக்கு முந்திய கார்டுகளை, அதாவது ஆர்எக்ஸ் 400க்கு முன்னால் வந்தவற்றை, 2021 ஜூனில் ஒதுக்கி வைத்தார்கள். பழைய டிரைவரோடு ஓடுகிற திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் திட்டங்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஒருநாள் 'டிரைவர் பழசு' என்று கதவைச் சாத்திவிடும். கூடா 12இல் எழுதிய நிரல் வந்தால் குறைந்தது 525 வரிசை டிரைவர் வேண்டும், 470இல் நிற்கிற கார்டு அங்கே என்ன செய்தாலும் உள்ளே போக முடியாது. பழைய கார்டைச் சந்தையில் மலிவாக வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டுப் போங்கள்.

திட்டத்தை முடிவு செய்யுங்கள்

டிரைவர் இறக்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்வது நல்லது, நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இந்த உலகத்தில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று பாயிங்க், பல திட்டங்களின் வேலையை வாங்கி வந்து நம் கணினியில் ஓட்டும் மென்பொருள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், வேற்றுக்கிரக வானொலிச் சமிக்ஞை தேடிய சேட்டி அட் ஹோம் திட்டத்தை நடத்திய டேவிட் ஆண்டர்சன் குழு உருவாக்கியது. சேட்டி 1999 மே மாதம் தொடங்கி 2020 மார்ச் கடைசியில் வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது, ஆனால் பாயிங்க் என்ற அந்த மேடையில் இன்னும் ஏகப்பட்ட திட்டங்கள் ஓடுகின்றன. இன்னொன்று ஃபோல்டிங் அட் ஹோம், 2000இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கியது, புரதங்கள் எப்படி மடிகின்றன என்று பார்ப்பது. கொரோனா வந்த 2020இல் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்து அதன் மொத்த வேகம் எக்ஸாஃபிளாப் எல்லையை, அதாவது விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு என்ற அளவை, தாண்டியது, அப்போது உலகின் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அங்கே போயிருக்கவில்லை. இது பாயிங்க்கில் வராது, தனி மென்பொருள்.

எந்தக் கார்டுக்கு எது? ஐன்ஸ்டீன் அட் ஹோம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஓப்பன்சிஎல் இருந்தால் போதும், என்விடியாவா ஏஎம்டியா என்று பேதம் பார்க்காது. ஈர்ப்பலைத் தரவிலும் வானொலித் தொலைநோக்கித் தரவிலும் பல்சார்களை, அதாவது வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகச் சமிக்ஞை அனுப்பும் விண்மீன்களை, தேடுகிறார்கள், 2010இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதி ஒன்றின் கணினியும் ஜெர்மனியில் ஒருவரின் கணினியும் சேர்ந்து திட்டத்தின் முதல் பல்சாரைப் பிடித்தன. பிரைம்கிரிட் பெரிய பகா எண்களைத் தேடுவது, அதுவும் எல்லாக் கார்டுக்கும் வேலை வைத்திருக்கிறது. பார்சலோனாவிலிருந்து நடக்கும் ஜிபியுகிரிட் கூடா பக்கம், என்விடியா இல்லாதவர்கள் அங்கே போய் நேரம் செலவழிக்க வேண்டாம். ரொசெட்டா அட் ஹோம் புகழ்பெற்றது, பலர் அதற்காகவே கார்டு வாங்குகிறார்கள், ஆனால் அது பிராசசரில் மட்டும் ஓடுவது. கார்டு அங்கே வேடிக்கை பார்க்கும். மில்கிவே அட் ஹோமும் முன்பு கார்டுகளுக்குப் பெயர் போனது, 2023இல் அந்த வேலையை முடித்துக்கொண்டு இப்போது பிராசசர் பக்கம் போய்விட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் டிரைவரைத் திட்டுகிறார்கள், டிரைவர் என்ன செய்யும்.

கார்டில் இதெல்லாம் உண்மையில் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மெர்சென் பகா எண்களை, அதாவது இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை, தேடும் கிம்ப்ஸ் திட்டம் 1996 முதல் கண்டுபிடித்தவை எல்லாம் பிராசசர்களில் பிடித்தவை. 2024 அக்டோபரில், முன்பு என்விடியாவில் வேலை பார்த்த லூக் டுரன்ட் என்பவர் பல நாடுகளின் டேட்டா சென்டர்களில் கார்டுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டி, 4,10,24,320 இலக்கம் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தார். டப்ளினில் இருந்த ஏ100 கார்டு ஒன்று பிடித்துக் கொடுத்தது. அதற்குப் பயன்பட்ட ஜிபியு-அவுல் என்ற நிரல் ஓப்பன்சிஎல்லில் எழுதப்பட்டது, கூடாவில் இல்லை. என்விடியா கார்டு, அதற்குச் சொந்தமான மொழி வேறு, வேலையை முடித்ததோ பொதுமொழி. அதனால் என்விடியா வைத்திருப்பவர்களும் ஓப்பன்சிஎல் எனக்கெதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

விண்டோஸில் டிரைவர்

என்விடியாவின் தளத்துக்குப் போய் கார்டின் பெயரைக் கொடுத்து இறக்குங்கள். கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு வகை காட்டும், நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், நான் ஸ்டுடியோ போடுவேன், அடிக்கடி மாறாது என்பதற்காக மட்டும். இன்ஸ்டால் செய்யும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, 'க்ளீன் இன்ஸ்டலேஷன்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். முன்பே விண்டோஸ் போட்டு வைத்த அரைகுறை டிரைவரின் மிச்சம் மீதி அதில் போய்விடும். ஏஎம்டியாக இருந்தால் ஏஎம்டி தளத்தில் உள்ள அட்ரினலின் என்ற டிரைவர், இன்டெல்லாக இருந்தால் இன்டெல் தளத்தில் உள்ள கிராபிக்ஸ் டிரைவர். மூன்றிலும் ஓப்பன்சிஎல் உள்ளேயே வரும், தனியாக எதையும் தேடாதீர்கள். 'ஓப்பன்சிஎல் டவுன்லோடு' என்று தேடினால் டிஎல்எல் கோப்பை மட்டும் தருகிறேன் என்று சில தளங்கள் கூப்பிடும், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அப்புறம் ரீஸ்டார்ட். கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

அதன்பிறகு பாயிங்க் நிறுவுங்கள். நிறுவும்போது 'அட்வான்ஸ்டு' என்ற பொத்தானுக்குள் ஒரு கட்டம் இருக்கும், சர்வீஸாக, அதாவது பின்னணியில் தானாக ஓடும் நிரலாக, நிறுவவா என்று கேட்கும். பாதுகாப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நல்லது என்று நினைத்து டிக் போட்டுவிடுவார்கள். போடக்கூடாது. விண்டோஸில் சர்வீஸாக ஓடும் நிரல்கள் தனி அறையில் அடைக்கப்பட்ட மாதிரி, அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டு கண்ணுக்கே தெரியாது. டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் கார்டு காணோம் என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

லினக்ஸில்

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். என்விடியா கார்டு என்றால் லினக்ஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் நூவோ டிரைவரால் நம் வேலை நடக்காது. உபுன்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் பட்டியல் வரும். அதில் சிலவற்றின் பெயரில் 'ஓப்பன்' என்று ஒட்டியிருக்கும். ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி பழைய கார்டுக்கு ஓப்பன் ஒட்டியது வேலை செய்யாது, டியூரிங் தலைமுறையிலிருந்துதான், அதாவது ஜிடிஎக்ஸ் 1600, ஆர்டிஎக்ஸ் 2000 முதல்தான் அது ஓடும். ஆர்டிஎக்ஸ் 5000 வரிசைக்கு நேர்மாறு, ஓப்பன் ஒட்டியதுதான் ஓடும்.

செக்யூர் பூட், அதாவது நம்பகமான நிரலை மட்டும் ஏற விடும் பாதுகாப்பு, போட்டிருக்கும் கணினியில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வந்து பத்து விநாடி காத்திருக்கும். இதைப் பார்த்துப் பயந்து 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டால் போச்சு, டிரைவர் இருக்கும், ஆனால் ஏறாது. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நான் முதல் தடவை டீ போட எழுந்து போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் அந்தத் திரை வந்து போய்விட்டது.

ஏறிவிட்டதா என்று பார்க்க, டெர்மினலில் என்விடியா என்று எழுதி, நடுவில் சின்னக் கோடு போட்டு, எஸ்எம்ஐ என்று சேர்த்து அடியுங்கள், எல்லாம் சின்ன எழுத்தில். ஒரு பெட்டி வரும். கார்டின் பெயர், சூடு, எத்தனை வாட் இழுக்கிறது எல்லாம் அதில் இருக்கும். வலது மேல் மூலையில் கூடா வெர்ஷன் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்து 'அட, டூல்கிட் ஏற்கனவே இருக்கிறதே' என்று நினைக்க வேண்டாம். இந்த டிரைவர் எந்தப் பதிப்பு வரைக்கும் தாங்கும் என்று சொல்கிற எண் அது.

ஏஎம்டியில் கதை வேறு. படம் காட்டும் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, ஆனால் ஓப்பன்சிஎல் தனியாக வர வேண்டும். ஏஎம்டி தளத்தில் கிடைக்கும் நிறுவியில் ஓப்பன்சிஎல் பயன்பாட்டை மட்டும் கேட்டு வாங்கலாம், இது ஆர்ஓசிஎம் என்ற ஏஎம்டியின் கணக்கு மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. லினக்ஸின் திறந்த கிராபிக்ஸ் தொகுப்பான மெசாவோடு வரும் ரஸ்டிக்கிள் என்ற ஓப்பன்சிஎல்லும் இருக்கிறது, அதைச் சூழல் மாறி ஒன்றின் வழியாக நாமே இயக்கி விட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் ஒரே கார்டு இரண்டு பெயரில் தெரிந்து குழப்பும், நான் ஆர்ஓசிஎம் பக்கம்தான். இன்டெல்லுக்கு இன்டெல் ஓப்பன்சிஎல் ஐசிடி என்ற பொதி.

எந்தக் கார்டாக இருந்தாலும் ஓப்பன்சிஎல் உண்மையில் இருக்கிறதா என்று சொல்ல சிஎல்-இன்ஃபோ என்ற குட்டி நிரல் இருக்கிறது, இரண்டையும் கோடில்லாமல் சேர்த்து எழுத வேண்டும். அது 'நம்பர் ஆஃப் பிளாட்ஃபார்ம்ஸ் 0' என்று சொன்னால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், பாயிங்க்கைத் திட்டிப் பயனில்லை.

இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. லினக்ஸில் பாயிங்க் தனக்கென்று ஒரு பயனர் பெயரில் ஓடும். நீங்கள் அடித்தால் சிஎல்-இன்ஃபோ கார்டைக் காட்டும், பாயிங்க்குக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பயனர் 'ரெண்டர்', 'வீடியோ' என்ற இரண்டு குழுக்களில் இல்லை. சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, கணினி ஏறும்போது டிரைவர் எழுந்து உட்காருவதற்கு முன்பே பாயிங்க் ஓடிவிட்டால் கார்டு இல்லை என்றே முடிவு கட்டிவிடும், மறுபடி பார்க்காது. பாயிங்க்கை மட்டும் நிறுத்தி ஓட்டினால் சரியாகிவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரிதான். ஓப்பன்சிஎல் ஆப்பிள் பெற்ற பிள்ளை என்றாலும் 2018லேயே கைகழுவிவிட்டார்கள், ஃபோல்டிங் அட் ஹோம் மேக்கில் கார்டைத் தொடாது, பாயிங்க் திட்டங்களில் சிலவற்றுக்கு மட்டும் வேலை இருக்கும்.

கார்டைப் பார்த்ததா?

பாயிங்க்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிகழ்வுப் பதிவு திறக்கும். மேலே முதல் இருபது வரிக்குள் கூடா என்று தொடங்கி உங்கள் கார்டின் பெயரோடு ஒரு வரி, ஓப்பன்சிஎல் என்று தொடங்கி அதே பெயரோடு இன்னொரு வரி இருக்க வேண்டும். என்விடியாவுக்கு இரண்டும், மற்றவற்றுக்கு ஓப்பன்சிஎல் மட்டும். கூடா வரி இருக்கிறது, ஓப்பன்சிஎல் வரி இல்லை என்றால் டிரைவர் அரைகுறை, க்ளீன் இன்ஸ்டலேஷனுக்குத் திரும்பிப் போங்கள். 'பயன்படுத்தக்கூடிய ஜிபியு இல்லை' என்கிற பொருளில் ஒரே வரி வந்தால் சர்வீஸ் கட்டம், குழு, இரண்டையும் பாருங்கள்.

இரண்டு வரியும் இருந்தும் வேலை வரவில்லையா, திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், என்விடியா, ஏஎம்டி, இன்டெல் கார்டுகளைப் பயன்படுத்தவா என்ற கேள்விக்கு ஆம் என்று இருக்கிறதா பாருங்கள். ஃபோல்டிங் அட் ஹோமின் எட்டாம் பதிப்பிலும் அமைப்புகள் பக்கத்தில் கார்டுக்கு நேரே நாமே டிக் போட்டால்தான் அது எழும்.

வேலை வந்துவிட்டது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 2 சதவீதம் என்று காட்டுகிறது, ஏமாற்றுகிறார்களா? இல்லை. அங்கே தெரியும் கட்டங்கள் 3டி, வீடியோ டிகோட் மாதிரி படம் சார்ந்தவை. ஒரு கட்டத்தின் தலைப்பைக் கிளிக் செய்து கம்ப்யூட் அல்லது கூடா என்று மாற்றினால் கோடு உச்சியில் நிற்பதைக் காணலாம். அந்தப் பெயர்களே பட்டியலில் இல்லையென்றால் எஸ்எம்ஐ பெட்டியில் வாட் எவ்வளவு என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

சூடும் கரண்ட் பில்லும்

கணக்கு நேராகவே போடலாம். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு முழு வேகத்தில் 75 வாட். நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட், இரண்டு மாதத்தில் 108 யூனிட். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், இரண்டு மாதத்தில் 245 யூனிட்டுக்குப் பக்கம். கணினியின் மற்ற பாகங்கள் தனி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், யூனிட் ஏற ஏற ஸ்லாப்பும் ஏறும் என்பதால் இந்த 245 உங்கள் வீட்டுப் பில்லின் தலையில் போய் உட்காரும், அடியில் உட்காராது. அம்மா கேட்பதற்கு முன் நீங்களே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி மட்டும் ஓட்டலாம், பாயிங்க்கில் நேரம் குறிக்க வசதி இருக்கிறது. கணினியை நீங்கள் பயன்படுத்தும்போது கார்டை விட்டுவிடு என்ற கட்டத்தையும் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் நகர்வதற்கே யோசிக்கும்.

மேசைக் கணினியில் என்விடியா இருந்தால் அதே எஸ்எம்ஐ கட்டளையின் பின்னால் கோடு, பிஎல் என்று போட்டு வாட் அளவைக் கொடுத்தால், நிர்வாகி உரிமையோடு, கார்டை அடக்கி வைக்கலாம். 170ஐ 120 ஆக்கினால் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். லேப்டாப்பில் பெரும்பாலும் இதை அனுமதிக்காது. லேப்டாப்பில் சித்திரை வைகாசி மாதங்களில் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, 80 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் நிற்கும் சின்ன விசிறிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், டாஸ்க், அதாவது திட்டம் அனுப்பிய வேலைத் துண்டு, இடையிடையே தன் நிலையைச் சேமித்துக்கொள்ளும், விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரை மாற்றுவதுதான் ஆகாத காரியம். விண்டோஸ் நடுராத்திரியில் டிரைவரைப் புதுப்பித்தால் காலையில் வரிசையாகச் சிவப்பில் 'கம்ப்யூட்டேஷன் எரர்' நிற்கும். பாயிங்க்கை முழுதாக மூடிவிட்டு நீங்களே டிரைவரைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்து, பதிவில் அந்த இரண்டு வரியை மறுபடி பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

முதல் டாஸ்க் முடிந்து அனுப்பியதும், செய்த வேலைக்குத் திட்டம் தரும் புள்ளி உடனே ஏறாது, 'பெண்டிங்' என்று நிற்கும். பல திட்டங்கள் ஒரே டாஸ்க்கை இரண்டு பேருக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளும். உங்கள் ஜோடி எங்கோ ஒரு நாட்டில் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம், இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.